கார் இன்சூரன்ஸ் முடியும் இடமும் அம்ப்ரெல்லா தொடங்கும் இடமும்

அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது பலரும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: ஆறு மாதப் பிரீமியம் எவ்வளவு, டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து போகும் பங்கு) எவ்வளவு. வீட்டையும் சம்பளத்தையும் தொடக்கூடிய எண் இந்த இரண்டும் அல்ல. பாலிசியோடு வரும் டெக்ளரேஷன் பக்கத்தில் ‘பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி’ (நம்மால் காயப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு) என்ற வரிக்கு எதிரே 30/60 என்றோ 100/300 என்றோ 250/500 என்றோ இருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டிய எண். கார் பாலிசியின் தொகை தீர்ந்தபின் மீதி இழப்பீட்டைத் தரும் அம்ப்ரெல்லா பாலிசியை வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சும் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அம்ப்ரெல்லா தனியாக நிற்கும் பாலிசி அல்ல. கார் பாலிசியின் மேல் ஏறி நிற்பது. கீழ்த்தளம் சரியில்லை என்றால் மேல்தளம் இருந்தும் பணம் உங்கள் கையிலிருந்து போகும்.

இந்த எண்களைக் கலிஃபோர்னியாவை வைத்துப் பார்ப்போம். அங்கே சட்டப்படி வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 2025 ஜனவரி 1 முதல் 30/60/15. நீங்கள் மோதியதில் ஒருவருக்குக் காயம் என்றால் அவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். அதே விபத்தில் எத்தனை பேர் காயப்பட்டாலும் எல்லோருக்கும் சேர்த்து 60,000. அடுத்தவர் காருக்கும் சொத்துக்கும் ஆன சேதத்துக்கு 15,000. இதற்கு முன்பிருந்த 15/30/5 என்ற அளவு 1967-இல் வைத்தது. ஆஸ்பத்திரிச் செலவும் கார் விலையும் எங்கோ போய்விட்ட பிறகும் அந்த எண் 2024 கடைசி வரை அப்படியே கிடந்தது. இன்றைய 15,000-ஐக்கூட ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் புதுக் காரின் சராசரி விலை 45,000 டாலரைத் தாண்டி நாளாகிவிட்டது. சிக்னலில் நின்ற ஒரு டெஸ்லாவைப் பின்னால் இடித்தாலே அந்தத் தொகை போதாது. டெக்சஸில் 30/60/25, பென்சில்வேனியாவில் இன்னும் 15/30/5. குறைந்தபட்ச அளவு என்பது வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. உங்களுக்கு அது போதும் என்று எந்த மாநிலமும் சொல்லவில்லை.

இந்த மூன்று எண்களில் பலரும் தவறவிடுவது முதல் எண்ணை. 100/300 வைத்திருப்பவர் ‘எனக்கு மூன்று லட்சம் கவரேஜ் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார். எதிர்க்காரில் ஒரே ஒருவர் இருந்து, அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டு, இழப்பீடு ஆறு லட்சம் டாலர் என்று முடிவானால், பாலிசி தருவது ஒரு லட்சம்தான். மூன்று லட்சம் என்பது பலர் காயப்பட்டால் பகிர்ந்துகொள்ளும் தொகை. தனி ஆளுக்கு ஒரு லட்சத்தோடு கதவு மூடிக்கொள்ளும். மீதி ஐந்து லட்சத்துக்குத் தீர்ப்பு உங்கள் பெயரில் வரும். சில நிறுவனங்கள் இப்படிப் பிரிக்காமல் ‘கம்பைன்ட் சிங்கிள் லிமிட்’ என்று 300,000 அல்லது 500,000 என ஒரே தொகையாகவும் தருகின்றன. ஒருவருக்கே பெரிய காயம் என்ற சூழலில் அது நல்லது.

இன்னொரு விஷயம். வழக்கு வந்தால் உங்களுக்காக வக்கீல் வைத்து வாதாடுவது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கடமை, அந்தச் செலவு லிமிட்டுக்கு வெளியே. ஆனால் சமரசத்திலோ தீர்ப்பிலோ லிமிட் முழுவதையும் கொடுத்து முடித்துவிட்டால் வாதாடும் கடமையும் அதோடு முடிகிறது என்று வழக்கமான பாலிசியில் எழுதியிருக்கும். லிமிட் சின்னதாக இருந்தால் பணம் மட்டுமல்ல, வக்கீலும் சீக்கிரம் போய்விடுவார்.

தீர்ப்பு வந்தபின் வசூல் எப்படி நடக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கூட்டாட்சிச் சட்டம் சாதாரணத் தீர்ப்புகளுக்குக் கையில் வரும் சம்பளத்தில் அதிகபட்சம் 25 சதவீதம் வரை பிடிக்க அனுமதிக்கிறது. டெக்சஸில் இப்படிச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. குடியிருக்கும் வீட்டையும் அங்கே பெரும்பாலும் தொட முடியாது. கலிஃபோர்னியாவில் ஒரு தீர்ப்பு 10 ஆண்டு உயிரோடிருக்கும், புதுப்பிக்கவும் செய்யலாம். நியூ ஜெர்சியில் 20 ஆண்டு. கம்பெனி மூலம் சேர்த்த 401கே ஓய்வுக்காலப் பணம் பொதுவாகப் பத்திரம். பேங்க் சேமிப்பு, பங்குகள், வாடகைக்கு விட்ட இரண்டாவது வீடு ஆகியவை அப்படியல்ல. ‘என்னிடம் என்ன இருக்கிறது, என்னிடமிருந்து என்ன எடுக்க முடியும்’ என்று எச்1பி வேலை விசாவில் இருக்கும் முப்பது வயதுக்காரர் கேட்பதுண்டு. இழப்பீட்டுத் தொகை உங்கள் சொத்தைப் பார்த்து முடிவாவதில்லை, அடிபட்டவரின் சிகிச்சையையும் அவர் இழந்த வருமானத்தையும் வலியையும் பார்த்து முடிவாகிறது. வரப்போகும் இருபது ஆண்டுச் சம்பளமும் சொத்துதான்.

அம்ப்ரெல்லா எங்கே பொருந்துகிறது

அம்ப்ரெல்லா பாலிசி பிறருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு மட்டுமே. 10 லட்சம் டாலர், அதாவது ஒரு மில்லியன், பிறகு ஒவ்வொரு மில்லியனாக உயரும். கார், வீடு ஆகிய இரண்டு பாலிசிகளின் லயபிலிட்டிக்கும் மேலே நிற்கும். இரண்டு கார், ஒரு வீடு, சுத்தமான டிரைவிங் ரெக்கார்டு என்ற குடும்பத்துக்கு முதல் மில்லியனுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். இரண்டாவது மில்லியன் முதலாவதைவிட மலிவு. பதின்வயது ஓட்டுநர் சேர்ந்தால் விலை ஏறும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இருந்தால் பல நிறுவனங்கள் தரவே மாட்டா.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், முதல் அடியைக் கீழே உள்ள பாலிசி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. கார் பாலிசியில் 250/500/100, வீட்டுப் பாலிசியில் 300,000 லயபிலிட்டி என்று வைத்திருக்கச் சொல்வது பரவலான வழக்கம். வாங்கும் நாளில் மட்டுமல்ல, பாலிசி ஓடும் காலம் முழுக்க.

இங்கேதான் பெரிய ஓட்டை விழுகிறது. அம்ப்ரெல்லா வாங்கும்போது காரை 250/500-க்கு உயர்த்துகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து பிரீமியம் ஏறுகிறது. வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று காரை மட்டும் அங்கே மாற்றுகிறார்கள். ஆன்லைனில் விலை விசாரிக்கும்போது தானாக நிரம்பியிருந்த 100/300-ஐ அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். அம்ப்ரெல்லா நிறுவனத்துக்குச் சொல்வதில்லை. பிறகு அந்த ஆறு லட்சம் டாலர் விபத்து நடந்தால் கணக்கு இப்படிப் போகும்: கார் பாலிசி ஒரு லட்சம் தரும். அம்ப்ரெல்லா, ‘கீழே இரண்டரை லட்சம் இருப்பதாக ஒப்புக்கொண்டீர்கள், அதற்கு மேலிருந்துதான் நான்’ என்று மூன்றரை லட்சம் தரும். நடுவில் தொங்கும் ஒன்றரை லட்சம் உங்களுடையது. ஆறு மாதப் பிரீமியத்தில் மிச்சம் பிடித்த தொகைக்குக் கிடைத்த பலன் இது. கார் கம்பெனி மாற்றினால் அன்றே புதிய டெக்ளரேஷன் பக்கத்தை அம்ப்ரெல்லா நிறுவனத்துக்கு அனுப்புங்கள். காரும் வீடும் தங்களிடமே இருந்தால்தான் அம்ப்ரெல்லா என்று சொல்லும் கம்பெனிகளும் இருக்கின்றன. அப்படியானால் காரை வேறிடம் மாற்றியதும் அம்ப்ரெல்லாவே ரத்தாகலாம்.

நண்பருக்குச் சாவி கொடுக்கும்போது வருவது இன்னொரு ஓட்டை. உங்கள் அனுமதியோடு ஓட்டுபவருக்கும் உங்கள் கார் பாலிசி பொதுவாகப் பொருந்தும். ஆனால் சில மலிவுப் பாலிசிகளில், வீட்டுக்கு வெளியே உள்ளவர் ஓட்டினால் லிமிட் மாநிலக் குறைந்தபட்சத்துக்கு இறங்கிவிடும் என்ற விதி உண்டு. கலிஃபோர்னியாவில் இது சட்டப்படி செல்லும். டெக்ளரேஷன் பக்கத்தில் 250/500 என்று அச்சாகியிருக்கும், நண்பர் கையில் அது 30/60. ஏஜென்டிடம் ‘பெர்மிசிவ் யூசருக்கு ஸ்டெப்-டவுன் உண்டா?’ என்று நேராகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரே அபார்ட்மென்டில் நாலு பேர் இருந்து ஒருவர் காரை எல்லோரும் எடுக்கும் வழக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான பர்சனல் ஆட்டோ பாலிசியில், உங்களுக்குச் சொந்தமில்லாத, ஆனால் எப்போதும் உங்கள் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் வண்டிக்கு உங்கள் லயபிலிட்டி பொருந்தாது. ரூம்மேட் காரை தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போனால், விபத்தில் கைகொடுப்பது அவர் பாலிசி மட்டும்தான். உங்கள் பெயரை அவர் பாலிசியில் ஓட்டுநராகச் சேர்ப்பதுதான் வழி. எச்4 துணைவர் விசாவில் வந்த மனைவியோ கணவரோ லேர்னர் பர்மிட் வாங்கிய அன்றே இன்சூரன்ஸுக்குத் தெரிவிப்பதும் இதே காரணத்தால். வீட்டில் ஓட்டுநர் இருப்பதை மறைத்ததாகப் பின்னால் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

குடும்பத்துக்குள் நடக்கும் காயம்

அம்ப்ரெல்லாவில் அதிகம் பேசப்படாத விலக்கு இது, வருத்தம் தருவதும் இதுதான். கணவர் ஓட்டும் காரில் பக்கத்தில் மனைவி. தவறு கணவருடையது, காயம் மனைவிக்கு. பெரும்பாலான அம்ப்ரெல்லா பாலிசிகள் பாலிசியில் உள்ள ஒருவர் இன்னொருவருக்கு ஏற்படுத்திய காயத்தை ஏற்காது. கார் பாலிசியிலும் மாநிலத்தைப் பொறுத்து இந்தத் தடை உண்டு. நியூயார்க்கில் கணவன் மனைவிக்கிடையேயான காயத்துக்குத் தனியாக ‘சப்ளிமென்டல் ஸ்பவுசல் லயபிலிட்டி’ தேவை. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதை நிறுவனங்கள் தாமாகவே சேர்க்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே நீக்கலாம். பிரீமியத்தைக் குறைக்கக் கழித்துவிட்ட வரிகளில் இது ஒன்றா என்று பாருங்கள்.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவின் நிலை வேறு. அவர்கள் விசிட்டர் விசாவில் வந்தவர்கள், வீடு இந்தியாவில். அதனால் ‘உங்கள் வீட்டில் வசிக்கும் உறவினர்’ என்ற வரையறைக்குள் பொதுவாக வர மாட்டார்கள், விலக்கும் அவர்களைத் தொடாது என்று வாதிடலாம். கிரீன் கார்டு வாங்கி உங்களோடு குடியேறிவிட்டால் நிலைமை மாறும். எப்படியிருந்தாலும் வழக்கும் லயபிலிட்டியும் மாதக்கணக்கில் இழுக்கும். எமர்ஜென்சி ரூம் பில் அன்றே வரும். அதற்குத் தவறு யாருடையது என்று பார்க்காமல் காரில் இருந்தவர்களுக்குக் கொடுக்கும் மெடிக்கல் பேமென்ட்ஸ் பகுதியும், நியூ ஜெர்சி, நியூயார்க், மிச்சிகன் போன்ற நோ-ஃபால்ட் (அவரவர் சிகிச்சையை அவரவர் பாலிசியே ஏற்கும்) மாநிலங்களில் பர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷனும் இருக்கின்றன. மெடிக்கல் பேமென்ட்ஸ் பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 டாலர்தான். பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் மெடிக்கல் இன்சூரன்ஸில் சாலை விபத்து எப்படிச் சேர்கிறது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கே அடிபட்டால்

அம்ப்ரெல்லா உங்கள் உடம்புக்கோ உங்கள் காருக்கோ ஒரு டாலரும் தராது. உங்களை மோதியவரிடம் இன்சூரன்ஸ் இல்லை, அல்லது 30/60 மட்டும் இருக்கிறது என்றால் துணைக்கு வருவது உங்கள் பாலிசியின் அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட், அண்டர்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் பகுதிகள். அமெரிக்க ஓட்டுநர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார். இந்தக் கவரேஜைக் குறைத்து வைப்பது என் கணிப்பில் மிகக் கெட்ட சிக்கனம்.

கலிஃபோர்னியாவில் அண்டர்இன்ஷூர்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். அங்கே எதிராளி பாலிசி தந்த தொகையை உங்கள் லிமிட்டிலிருந்து கழிப்பார்கள். உங்களுடையது 30,000, அவருடையதும் 30,000 என்றால் உங்கள் பாலிசியிலிருந்து கிடைப்பது பூஜ்யம். இரண்டு லட்சம் டாலர் சிகிச்சைக்கு 30,000-தான் மொத்தம். உங்களுடையது 250,000 என்றால் அவர் தந்த 30,000-ஐக் கழித்து 220,000 வரை உங்கள் பாலிசி தரும். பல மாநிலங்களில் இந்த லிமிட் உங்கள் லயபிலிட்டி லிமிட்டைத் தாண்டக் கூடாது. ஆக, அம்ப்ரெல்லாவுக்காக லயபிலிட்டியை 250/500 ஆக்கும்போது இதையும் அதே அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் அம்ப்ரெல்லாவோடு இந்தக் கவரேஜையும் ஒரு மில்லியன் வரை கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்த்துத் தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து? சொந்தக் காரின் கொலிஷன் (மோதலில் நம் காருக்கு ஆகும் சேதம்) டிடக்டிபிளை 500-லிருந்து 1,000 ஆக்கினால் பிரீமியம் குறையும்; ஒரு விபத்தில் உங்களுக்குக் கூடும் இழப்பு அதிகபட்சம் 500 டாலர். அந்த இழப்பை யாரும் தாங்கலாம். பழைய காரின் மதிப்பு மூவாயிரம், நாலாயிரம் டாலராக இறங்கி, கடனும் இல்லையென்றால் கொலிஷனையே எடுத்துவிடுவது பற்றி யோசிக்கலாம். அப்படி மிஞ்சும் தொகையை லயபிலிட்டிக்கும் அன்இன்ஷூர்டுக்கும் திருப்புங்கள்.

வாடகைக் கார், டெலிவரி, எல்லை தாண்டுதல்

அமெரிக்காவுக்குள்ளும் கனடாவிலும் வாடகைக் கார் ஓட்டும்போது உங்கள் பாலிசியின் லயபிலிட்டி கூடவே வரும். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் கவரேஜ் அந்தக் காரின் சேதத்துக்கு மட்டும்தான், எதிரே வந்தவரின் காயத்துக்கு அல்ல. சொந்தக் கார் இல்லாமல் கிரெடிட் கார்டை நம்பி வாடகைக்கு எடுப்பவர்களுக்கு லயபிலிட்டி கிட்டத்தட்ட இல்லை என்றே கொள்ளுங்கள். அவர்களுக்கு, சொந்தக் கார் இல்லாதவர்களுக்கான நான்-ஓனர் பாலிசி உண்டு. சான் டியாகோவிலிருந்து எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போனால் அமெரிக்க பாலிசி அங்கே செல்லாது, மெக்சிகோ பாலிசி வாங்கியே ஆக வேண்டும். இந்தியாவுக்கு வந்து சொந்தக்காரர் காரை ஓட்டும்போதும் அமெரிக்கக் கார் பாலிசி வராது. அம்ப்ரெல்லா பல நிறுவனங்களில் உலகம் முழுவதற்கும் என்று எழுதியிருக்கும், ஆனால் கீழ்த்தளம் இல்லாத இடத்தில் அது எந்தத் தொகையிலிருந்து தொடங்கும் என்பதைப் பாலிசியைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

ஊபர், டோர்டாஷ் போன்றவற்றுக்கு ஓட்டினால் பர்சனல் பாலிசி, அம்ப்ரெல்லா இரண்டுமே பொதுவாக விலகிக்கொள்ளும். பயணி ஏறியபின் ஊபர் ஒரு மில்லியன் லயபிலிட்டி தருகிறது. ஆப்பைத் திறந்துவைத்து அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் பல மாநிலங்களில் அது 50/100/25 அளவுக்குத்தான். அந்த இடைவெளியை ரைட்ஷேர் என்டார்ஸ்மென்ட் என்ற கூடுதல் இணைப்பைக் கொண்டு அடைக்க வேண்டும்.

வாங்கும் முறை

முதலில் கார், வீடு அல்லது ரென்டர்ஸ் பாலிசிகளின் டெக்ளரேஷன் பக்கங்களை எடுத்து வையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் அம்ப்ரெல்லா வாங்கலாம். ஆனால் ரென்டர்ஸ் பாலிசியில் லயபிலிட்டி பெரும்பாலும் 100,000-இல் இருக்கும், அதை 300,000 ஆக்க வேண்டும். விண்ணப்பத்தில் எல்லா வண்டிகளும், லைசன்ஸ் உள்ள எல்லோரும், காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை உள்பட, வாடகைக்கு விட்ட வீடுகளும் வர வேண்டும். வீட்டை லிவிங் டிரஸ்ட் (உயிருடன் இருக்கும்போதே சொத்தை வாரிசுகளுக்காக வைக்கும் அமைப்பு) பெயருக்கு மாற்றியிருந்தால் டிரஸ்டின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லாத டிரஸ்ட் மீது வழக்கு வந்தால் சிக்கல். தேதிகளையும் ஒட்டிப் பாருங்கள்: கார் லிமிட் உயர்ந்த நாளும் அம்ப்ரெல்லா தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் கார் நிறுவனத்துக்குச் சொல்லும் அன்றே அம்ப்ரெல்லா நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ‘சின்னக் காயம்தானே’ என்று விட்டுவிடுவார்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் கழுத்து ஆபரேஷன் பில்லோடு வக்கீல் நோட்டீஸ் வரும்போது, தாமதமாகத் தெரிவித்தது ஒரு சண்டையாகும். கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூ ஜெர்சி மூன்றிலும் காயத்துக்கு வழக்குப் போட பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எந்த அம்ப்ரெல்லா பொறுப்பு என்பது விபத்து நடந்த நாளில் எது அமலில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பிறகு வாங்கியது உதவாது, பிறகு நிறுத்தியதால் போய்விடவும் செய்யாது. எனவே பழைய பாலிசிக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

சம்மன் கையில் வந்தால் அதன் நகலை அன்றைக்கே இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். பதில் தாக்கல் செய்ய கலிஃபோர்னியாவில் 30 நாள், நியூ ஜெர்சியில் 35 நாள். இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மேசையில் கிடந்தால் எதிர்வாதமே இல்லாமல் தீர்ப்பாகிவிடும். லிமிட்டுக்கு மேல் கோரிக்கை வரலாம் என்று கார் நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பினால் அதைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் நகலும் அம்ப்ரெல்லா நிறுவனத்துக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் லிமிட்டுக்குள் சமரசம் கேட்டு நாள் குறித்திருந்தால், அதை ஏற்கும்படி கார் நிறுவனத்துக்கு நீங்களே எழுத்தில் கேட்டு வையுங்கள். நியாயமான அந்த வாய்ப்பை நிறுவனம் காரணமின்றித் தட்டிக்கழித்து, பின்னர் லிமிட்டை மீறித் தீர்ப்பு வந்தால், மிச்சத் தொகையை நிறுவனத்தின் தலையில் கட்ட உங்கள் வக்கீலுக்கு அந்தக் கடிதம்தான் முதல் ஆதாரம்.